முள் தைத்த மாங்கொட்டை



பழத்தைத் தின்றபின் கையில் எஞ்சுகின்ற கொட்டையைக் குறித்தே இன்று பேசப் புகுகின்றேன். துக்கம், துக்க காரணம், துக்க நிவாரணம் என்னும் பெரும்பொருள்கள் காத்துக் கிடக்க, மாங்கொட்டையைப் பற்றிக் கேட்கவா இவ்வளவு தொலைவு வந்தோம் எனச் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவோர் எண்ணுக. புத்த பகவான் தம் மைந்தன் இராகுலனுக்குப் பொய்யாமையைப் போதித்தபோது, வானத்து மீன்களைச் சுட்டிக் காட்டினாரில்லை. கால் கழுவும் நீர்க்கலத்தைக் காட்டினார். அதில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார். அந்நீரைக் கொட்டிவிட்டுக் காட்டினார். பின்னர்க் கலத்தைக் கவிழ்த்துக் காட்டினார். இராகுலனுக்கு அப்போது வயது ஏழு என்பர் உரையாசிரியர். அப்போதனை நிகழ்ந்த இடம் இராசகிருகத்தை அடுத்த அம்பலட்டிகை. பாலி மொழியில் அச்சொல்லுக்கு மாங்கன்று என்பது பொருள். ஆதலின் கொட்டையைப் பற்றிப் பேசுவதற்கு யான் நாணவில்லை.

சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்தபின் ஒரு தாய் கேட்ட வினாவே இவ்வறவுரைக்குக் காரணம். "ஐயா, சுவரில் இருந்த படங்களை இறக்கிவிட்டோம். காப்புக் கட்டுவதையும் கிடா வெட்டுவதையும் விட்டுவிட்டோம். பெரியவர்களாகிய எங்களுக்குப் பஞ்சசீலம் இருக்கின்றது, புத்தகம் இருக்கின்றது. பிள்ளைகளுக்கு என்ன இருக்கின்றது? திருவிழா நாளில் அடுத்த தெருப் பிள்ளைகள் பொரியும் பொம்மையும் ஏந்தி வரும்போது, எங்கள் பிள்ளைகள் வெறுங்கையோடு வாசலில் நிற்கின்றனவே!" என்றார் அவர்.

இவ்வினா சிறிதன்று. மதம் மாறிய இல்லத்தில் முதலில் உண்டாவது ஒரு வெற்றிடம். பழையதை அகற்றியாயிற்று, புதியது இன்னும் புத்தகத்தை விட்டு இறங்கி அடுப்பங்கரைக்கு வந்து சேரவில்லை. பெரியோர் அந்த வெற்றிடத்தைக் கொள்கையால் நிரப்பிக் கொள்வர். குழந்தைக்குக் கொள்கை விளங்காது, கை விளங்கும். ஆகவே அந்தத் தாய்க்கு யான் கூறிய விடை, "பிள்ளையின் கையில் ஒரு கொட்டையைக் கொடுங்கள்" என்பதேயாம். அவ்விடையை இங்கு விரித்துக் கூறுகின்றேன்.

நாம் வாழும் நாட்டின் இயல்பு இதற்கு மிகவும் இயைந்தது. பாலக்காட்டு முதலமடையும் கொல்லங்கோடும் மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றவை. பிற ஊர்களில் மா பூத்துக் கொண்டிருக்கும்போதே, தை மாசியில் முதலமடைக் காய் பெட்டியில் அடைபட்டு டில்லிச் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். அத்தோப்புகளில் காய் பறிப்போரும் பெட்டி கட்டுவோரும் நம்மவரே. அந்தப் பழத்தின் உடைந்ததும் அழுகியதும் நம் பிள்ளைகளின் பங்கு. கொட்டைக்குப் பஞ்சமில்லை.

முறை எளிது. நன்கு பழுத்த பழத்தின் கொட்டையே வேண்டும். நாரைச் சுரண்டிக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் வைக்கலாம். வெயிலில் காய வைத்தல் ஆகாது. நெல்லையும் கேழ்வரகையும் போலக் குதிரில் இட்டு அடுத்த ஆண்டிற்குக் காக்கத்தக்க வித்தன்று மா. ஈரம் வற்றினால் உள்ளிருக்கும் கரு மாளும். நான்கைந்து வாரங்களுக்குள் அது மண்ணுக்குள் சென்றாக வேண்டும். பலாவும் அத்தன்மையதே. மேலோட்டின் விளிம்பைக் கத்தியால் மெல்லப் பிளந்து பருப்பை எடுத்து நட்டால் முளை விரைவில் வரும். கத்தி வேலை பெரியோருடையது; மண் வேலை பிள்ளைகளுடையது. பருப்பின் வளைந்த முதுகு மேல்நோக்கி இருக்கட்டும். அடியில் துளையிட்ட தகர டப்பா போதும். பழைய பிளாஸ்டிக் குடமும் ஆகும். சிரட்டை சிறிது, பலாவின் ஆணிவேர் சில நாட்களில் அதன் அடியை முட்டிச் சுருண்டுவிடும். இரண்டு மூன்று வாரங்களில் முளை தலைகாட்டும். முதலில் விரியும் இலைகள் பச்சையாய் இரா. செம்பு நிறமாய்த் துவண்டு தொங்கும். அதைக் கண்டு கன்று வாடிவிட்டதென்று பிடுங்கி எறிந்த வீடுகளை யான் அறிவேன். பொறுக்க. பச்சை பின்னர் வரும்.

மூணாறு போன்ற குளிர்மலையில் மா செழிக்காது. அங்குள்ளோரும் மறையூர், காந்தளூர்ப் பக்கத்தாரும் ஆரஞ்சு வித்தை நடுக. காந்தளூரில் ஆப்பிளும் விளைகின்றதன்றோ எனின், விளைகின்றது. ஆனால் ஆப்பிள் வித்து ஈரமணலில் பொதியப்பட்டு இரண்டு மூன்று மாதம் குளிர்ச்சியில் கிடந்தாலன்றி முளைக்காது. ஏழு வயதுப் பிள்ளையை மூன்று மாதம் வெறும் மணலைப் பார்த்திருக்கச் செய்தல் புத்திசாலித்தனமன்று.

இனி, கொட்டை எங்கிருந்து வருகின்றது என்பதிலேயே முதற்பாடம் தொடங்குகின்றது. தோப்பில் விழுந்து கிடந்த பழத்தைப் பிள்ளை எடுத்து வருகின்றது. கொடுக்கப்படாததைக் கொள்ளாமை நம் சீலங்களுள் ஒன்று. விழுந்த பழம் கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்படாததா? இதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். மிலிந்த அரசனுக்கு நாகசேன தேரர் சொன்ன மாங்காய்த் திருடனின் கதையையும் கூறுங்கள். ஒருவன் பிறனுடைய மரத்தில் மாங்காய் பறித்தான். பிடிபட்டவன், "இவன் மண்ணில் நட்டது வேறு மாங்காய், யான் பறித்தது வேறு மாங்காய். ஆகவே யான் குற்றவாளியல்லேன்" என வழக்காடினான். பிள்ளைகள் முதலில் சிரிக்கும். பின்னர் அவன் சொன்னது சரிதானா என்று தமக்குள் சண்டையிடும். சண்டையிடட்டும். நட்டதும் பறித்ததும் ஒன்றன்று. எனினும் ஒன்றினின்று ஒன்று வந்தது. ஆகவே அவன் பொறுப்பினின்று தப்பவியலாது என்று தேரர் காட்டினார். ஆன்மா ஒன்று கூடுவிட்டுக் கூடு பாயாமலே, நேற்றுச் செய்த வினை இன்று எவ்வாறு வந்து பற்றும் என்னும் கடினமான வினாவுக்கு விடை இதுவே. பெரியோருக்கு இதை விளக்க யான் இரண்டு மணி நேரம் பேசியிருக்கின்றேன். பிள்ளைகள் மாங்காயைக் கொண்டு பத்து நிமிடத்தில் பிடித்துக் கொள்கின்றன. பாடம் முடிந்தபின், தோப்புக் காவற்காரரிடம் கேட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். விழுந்ததைக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இங்கு ஒரு சொல். சில இல்லங்களில் கன்று முளைத்ததும் தொட்டிக்கு மஞ்சள் தடவிப் பொட்டிட்டுச் சூடம் காட்டுகின்றனர். பழைய கை, பழைய வேலையைச் செய்கின்றது. அதற்காக அத்தாய்மாரைக் கடிந்து கொள்ள மாட்டேன். ஆயினும் சூடத்தின் வெப்பம் இளந்தளிருக்கு நன்றன்று என்பதையேனும் நினைவிற் கொள்க. போதி மரத்தை வணங்குகின்றோமே எனின், அதன் நிழலில் ஒருவர் விழித்தெழுந்தார் என்னும் நன்றிக்காகவே வணங்குகின்றோம்; மரம் வரங்கொடுக்கும் என்பதற்காக அன்று.

நட்ட மறுநாளே பிள்ளை மண்ணைத் தோண்டிப் பார்க்கும். தோண்டாத பிள்ளை இல்லை. தடுக்கலாம், அடித்தல் கூடாது. ஒருமுறை தோண்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று கண்ட பிள்ளையிடம்தான் காரணங்களைப் பற்றிப் பேச முடியும். நெல் நாற்றைக் காட்டி உபதேசித்த சாலிஸ்தம்பம் என்னும் சூத்திரம் ஒன்று உண்டு. நெற்களஞ்சியமாகிய பாலக்காட்டில் அதை யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். மண் தாங்குகின்றது, நீர் நனைக்கின்றது, வெம்மை பக்குவப்படுத்துகின்றது, காலம் இடங்கொடுக்கின்றது. இவற்றுள் எதுவும் தானே முளையை உண்டாக்குவதாக எண்ணுவதில்லை. வித்தும் அங்ஙனம் எண்ணுவதில்லை. யாவும் கூடியபோது முளை எழுகின்றது. ஒன்று குறைந்தபோது எழுவதில்லை. உண்டாக்கினவன் ஒருவன் வெளியே நிற்கவில்லை. சார்பில் தோன்றுதல் என்று நாம் சொல்வது இதுவே.

ஒன்று குறைந்தபோது எழுவதில்லை என்றேன். அதுவே மிக முக்கியமான நாள். நட்ட ஐந்து கொட்டைகளில் இரண்டு முளைக்காது. முளைத்த மூன்றில் ஒன்றைக் கோழி கொத்தும். பிள்ளை அழும். அன்று வீட்டுப் பெரியோர் வாயிலிருந்து வருகின்ற சொல்லே அப்பிள்ளையின் மதம். "கண் பட்டுவிட்டது" என்று பாட்டி கூறின், நாம் கற்பித்த யாவும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோம். "உன் கை ராசியில்லாத கை" என்று யாரேனும் கூறின், அதனினும் கேடு. மாறாகப் பிள்ளையை அழைத்து உட்கார வைத்து, தொட்டியைக் கவிழ்த்து, காரணத்தைத் தேடுங்கள். துளை அடைபட்டு நீர் தேங்கியதா? கொட்டை முன்னமே காய்ந்திருந்ததா? எறும்பு புகுந்ததா? காரணம் கிடைத்ததும் அழுகை நிற்பதைக் காண்பீர்கள். கிடைக்காவிடினும், தேடியதில் பாதித் துயரம் தீர்ந்திருக்கும். நோய் வந்த நாளில் பூசாரி வீட்டிற்கு ஓடாமல் மருத்துவமனைக்குச் செல்லும் புத்தி, அந்தக் கவிழ்த்த தொட்டியில் இருந்துதான் பிறக்கின்றது.

இனி, யான் சொல்லக் கூசியும் சொல்லியே தீர வேண்டிய பொருளுக்கு வருகின்றேன்.

யான் இருபத்தேழு ஆண்டுகள் வாளையாற்றுக்கு அப்பால் நூற்பாலையில் உழைத்தவன். பஞ்சாலைக்கு வித்து என்பது கழிவு. பருத்திக் கொட்டையை நீக்கிய பின்னரே பொதி எங்களிடம் வரும். தப்பி வந்த துணுக்கை அடித்து உதிர்ப்பதற்கென்றே இயந்திரங்கள் உண்டு. ஒரு துணுக்கு தங்கினாலும் இழை அறும். இழை அறுந்தால் மேஸ்திரியின் வாய் திறக்கும். அவ்வாய் திறந்தால் இழையைப் பற்றி மட்டும் பேசாது. எங்கள் பிறப்பைப் பற்றியும் பேசும். "வித்து அப்படி, விளைச்சல் எப்படி இருக்கும்?" என்பது அங்கு யாங்கள் நாள்தோறும் கேட்ட பழமொழி. ஆலையை விட்டு வந்த பின்னும் அச்சொல் என்னை விட்டபாடில்லை. இவ்வெல்லைப்புறத்தில் நம் பிள்ளைகளும் அதைக் கேட்டே வளர்கின்றன. 2017இல் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், தண்ணீர்க் குழாயிலும் தேநீர்க் கடையிலும் வேறுபாடு காட்டப்படுவதாக அருந்ததிய மக்கள் முறையிட்ட செய்தியை நாளேடுகள் எழுதின. பழங்காலத்துக் கதையன்று அது. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை இன்று பாடசாலையில் படிக்கின்றது.

வித்தைக் கொண்டு நம்மை இழிப்போரிடம் வித்தைக் கொண்டே பேசுவோம். பௌத்த உரையாசிரியர்கள் உலகின் நியதிகளை ஐந்தாக வகுத்தனர். அவற்றுள் வித்தின் நியதி வேறு, வினையின் நியதி வேறு. வேம்பின் வித்தினின்று வேம்பே வரும் என்பது முன்னது. செய்கையால் மனிதன் உயர்வதும் தாழ்வதும் பின்னது. இரண்டையும் கலந்து குழப்பி, மரத்தின் சட்டத்தை மனிதன் தலையில் ஏற்றியதே சாதிச் சூழ்ச்சி. இச்சானங்கலம் என்னும் ஊரில் வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் அந்தண இளைஞர் இருவர், அந்தணன் ஆவது பிறப்பாலா செய்கையாலா என்று வாதிட்டுப் பகவானிடம் வந்தனர். புல், மரம், புழு, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை ஆகியவற்றிலெல்லாம் இனத்துக்கு இனம் பிறப்பால் அமைந்த அடையாளம் உண்டென்றும், மனிதரிடத்தில் தலைமயிர் முதல் கால் நகம் வரை தேடினும் அத்தகைய பிரிவு இல்லையென்றும் அவர்களுக்கு அவர் தெளிவித்தார். உழுபவன் தொழிலால் உழவன், களவாடுபவன் செயலால் கள்வன், அவ்வளவே.

மரத்திடம் கேட்டாலும் அவர்கள் கூற்று நிற்பதில்லை. இதைத் தகர டப்பாவிலேயே காணலாம். பங்கனப்பள்ளி, நீலம், அல்போன்சா முதலிய உயர்ந்த பெயருடைய மாம்பழங்களின் கொட்டையில் கரு ஒன்றே. அது பூவில் மகரந்தம் சேர்ந்ததால் உண்டான கரு. மாம்பூவில் மகரந்தத்தைச் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்கள். எந்த மரத்து மகரந்தத்தை எந்த ஈ சுமந்து வந்ததென்று எவரும் அறியார். ஆதலின் பங்கனப்பள்ளிக் கொட்டையை நட்டால் வருவது பங்கனப்பள்ளி அன்று; அது புதியதொரு மரம். தாயினும் இனிக்கலாம், புளிக்கலாம். குலப்பெருமை பேசுவோர் பெரிதும் விரும்பும் பழத்திலேயே குலம் ஒரு தலைமுறை கூடத் தாங்குவதில்லை! மாறாக, எவரும் பெரிதாக மதியாத சந்திரக்காரன், ஓலூர், மூவாண்டன் போன்ற இந்நாட்டு மாக்களின் ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் கிளம்பும். அவற்றுள் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே எழுவதால் தாயையே ஒத்திருக்கும். ஆரஞ்சு வித்துகள் பலவற்றிலும் இவ்வதிசயம் உண்டு. ஒரு கொட்டையில் நான்கு முளை வந்தால் பிள்ளைகள் பேயைக் கண்டதுபோல் ஓடிவந்து கூறும். அப்போது இதை விளக்குக.

அங்ஙனமாயின் தோப்புகளில் பங்கனப்பள்ளி பங்கனப்பள்ளியாகவே காய்ப்பது எவ்வாறு? ஒட்டினால். நாட்டுமாங்கொட்டையை முளைக்க வைத்து, முளை பத்து நாட் பருவத்தில் இருக்கும்போதே தண்டை அறுத்துப் பிளந்து, பெயர்பெற்ற மரத்தின் குச்சியை அதிற் செருகிக் கட்டுவர். கொட்டை ஒட்டு என்பது இதுவே. மேலே காய்க்கும் பழத்திற்குப் பெயர் உண்டு, விலை உண்டு, அட்டைப்பெட்டி உண்டு. கீழே பாறையைத் துளைத்து நீர் தேடும் வேருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. தோப்பில் மண்வெட்டி பிடிக்கும் தோழர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் சாதகக் கதை ஒன்றைக் கூறியாக வேண்டும். நூற்றெண்பத்தாறாவதாகிய ததிவாகன சாதகம் அது. காசியரசன் ததிவாகனனுக்கு ஆற்றில் மிதந்து வந்த அருமையான மாம்பழம் ஒன்று கிடைத்தது. அதன் கொட்டையை நட்டுப் பாலும் நீரும் வார்த்து வளர்த்தான். மூன்றாம் ஆண்டில் அது காய்த்தது. அப்பழங்களை அயலரசர்க்குப் பரிசாக அனுப்பினான். அனுப்புமுன், முளை கிளம்பும் இடத்தில் முள்ளால் குத்திவிடுவான். தின்றவர்கள் கொட்டையை நட்டனர், ஒன்றும் முளைக்கவில்லை. உண்மை அறிந்த ஓர் அரசன் சினந்து, தன் தோட்டக்காரனைக் காசிக்கு அனுப்பினான். அவன் காசியரசனின் நம்பிக்கையைப் பெற்று, அந்த மாமரத்தைச் சுற்றி வேம்பும் கசப்புக் கொடியும் நட்டான். வேரோடு வேர் பின்னியது. கிளையோடு கிளை தழுவியது. மாம்பழம் வேப்பம்பழம் போல் கசந்தது. அமைச்சராயிருந்த போதிசத்துவரின் சொற்படி, வேம்பை வெட்டி, மண்ணை மாற்றி, இனிய நீர் பாய்ச்சிய பின்னரே இனிப்புத் திரும்பியது.

தீயோர் சேர்க்கை ஆகாது என்பதற்கே இக்கதையைப் பலரும் எடுத்துக் காட்டுவர். அது சரியே. வேம்பை வெட்டினால் இனிப்புத் திரும்பிற்று என்பதையும் மறவாதிருப்போமாக. கெட்ட பிள்ளை என்று எவரையும் கைவிடுவதற்கில்லை. ஆனால் என் மனம் வேம்பைவிட அந்த முள்ளிடத்திலேயே நிற்கின்றது. அவ்வரசன் கஞ்சன் அல்லன். பழத்தைத் தாராளமாகக் கொடுத்தான். மரத்தை மட்டும் கொடுக்கவில்லை. தின்னலாம், நடக்கூடாது. இன்று நமக்கு வரும் கொடைகளில் எது முழுக்கொட்டை, எது முள் தைத்த கொட்டை என்று பார்க்கும் கண் வேண்டும். இலவச அரிசி பழம், கல்வி கொட்டை.

நிலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1969இல் திருத்தப்பெற்று 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம், குத்தகை உழவனை நிலவுடைமையாளன் ஆக்கிற்று. அது பெருஞ்செயல், அதை இகழேன். ஆனால் வயலில் இறங்கி நட்ட கூலியாளுக்குக் குத்தகைச் சீட்டு ஏது? அவனுக்கு வந்தது குடிசையைச் சுற்றிய மண். ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்டு வரை. தேயிலை, ஏலம், காப்பித் தோட்டங்களோ உச்சவரம்பினின்று விலக்கப்பட்டன. ஆகவே தேவிகுளம், பீருமேடு மலைகளில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கிள்ளிய தமிழருக்கு லயத்து அறையே வீடு. வேலை உள்ளவரை அறை. ஓய்வு பெற்றால் வெளியே. 2015இல் மூணாற்றுப் பெண்கள் தாமே திரண்டு தெருவில் அமர்ந்து, போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெற்றனர். நிலம் பெறவில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டதும் இத்தகைய லயங்களிலேதான்.

இக்காரணத்தால் மலைத்தோழர் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்: "ஐயா, கொட்டையை நடச் சொல்கின்றீர். டப்பாவில் எத்தனை நாள் இருக்கும்? மண்ணில் வைத்தால் அது துரையின் மண். காய்க்கும்போது யாங்கள் எங்கிருப்போமோ! பிள்ளைக்கு ஆசை காட்டி மோசம் செய்வதன்றோ இது?"

இதற்கு மழுப்பலான விடை கூறலாகாது. வித்திலிருந்து வளரும் மா காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டும் ஆகும், பத்தாண்டும் ஆகும். மூணாற்றுக் குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு ஆண்டு. 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். அக்கணக்கு மலைப்பிள்ளைக்குத் தெரியும். நெடுங்காலம் என்பதற்கு அது அஞ்சுவதில்லை. அஞ்சுவது நாமே. நிழல் தரும் மரங்களை நடுவோர்க்கும் கிணறு அகழ்வோர்க்கும் பகலும் இரவும் புண்ணியம் பெருகும் என்று பகவான் வனரோப சூத்திரத்தில் அருளினார். நடுபவனுக்குப் பட்டா இருக்கின்றதா என்று அவர் கேட்கவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை ஏற்றார். டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். இடையில் இருந்தவை 53 நாட்களே. காய்க்கும்போது யான் எங்கிருப்பேனோ என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால் நாம் இன்று இங்கு கூடியிருக்க மாட்டோம்.

எனினும், "புண்ணியம் வரும், மண் கேட்காதே" என்று யான் உபதேசிப்பதாக எவரும் கொள்ளற்க. மண் கேட்க வேண்டும். டப்பாவில் கன்றை வைத்துக்கொண்டு மண் இல்லையே என்று நிற்கும் பிள்ளை, பதினெட்டு வயதில் அக்கேள்வியைக் கேட்கும் திடம் பெற்றிருக்கும். கொட்டையை நட்டறியாத பிள்ளைக்குத் தன்னிடம் மண் இல்லை என்பதே தெரியாது.

அதுவரை கன்றுக்கு வழி என்ன? அதற்கும் நம் வரலாற்றில் வழி உண்டு. சங்கமித்தை தேரி கொண்டுசென்ற போதிக்கிளை அனுராதபுரத்தில் வேரூன்றியபின், அதன் கனியினின்று எட்டுக் கன்றுகள் எழுந்தனவென்றும், அவற்றை ஓரிடத்தே வைத்துக் கொள்ளாமல் எட்டு இடங்களுக்குப் பங்கிட்டனரென்றும் மகாவம்சம் கூறும். வட இலங்கையின் சம்புகோளத் துறைக்கு ஒன்று சென்றது; நம் மக்கள் கதிர்காமம் என்று வழங்கும் ஊருக்கு ஒன்று சென்றது. அவ்வாறே நாமும் பங்கிடுவோம். லயத்துப் பிள்ளை டப்பாவில் வளர்த்த கன்றுக்குச் சமவெளிக் காலனியில் இடம் உள்ள இல்லத்தார் இடம் கொடுக்க வேண்டும். பத்துச் சென்டில் ஒரு மாமரத்திற்கு இடமில்லை என்பார் இருப்பின், அவர்கள் வாசலில் கட்டியிருக்கும் கொடிக்கம்பத்தை வந்து பார்க்கின்றேன்! மரம் நிற்பது ஒருவர் மண்ணில். வளர்த்தது மற்றொரு பிள்ளை. காய்க்கும்போது பாதி மலைக்குச் செல்ல வேண்டும். இதைச் சங்கத்து ஏட்டில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திட ஏற்பாடு செய்துள்ளோம். பிள்ளைகளும் கையெழுத்திடலாம், எழுதத் தெரியாதது கைவிரலை மையில் தோய்த்து வைக்கட்டும்.

நாட்களைக் குறித்துக் கொள்க. மாசி முதல் வைகாசி வரை கொட்டை கிடைக்கும். வைசாகப் பௌர்ணமிக்குள் நட்டுவிட்டால், ஆடிப் பௌர்ணமியில் முதல் அறவுரை நாளைக் கொண்டாடும்போது கன்று ஒரு சாண் உயரம் இருக்கும், மழையும் பிடித்திருக்கும். அன்றே பங்கீடு. கன்று வளர்க்கும் இல்லங்கள் வரும் கூட்டத்திற்குள் பெயரைப் பதிவு செய்க. டப்பாவின் மேல் பிள்ளையின் பெயரை மட்டும் சாயத்தால் எழுதுக. வேறு அடையாளம் எதுவும் வேண்டா. கோழி வளர்க்கும் வீட்டார் டப்பாவைச் சுற்றி முட்கிளை நடுக. மலையிலிருந்து பேருந்தில் வருவோர் மண் உதிராதவாறு ஈரச்சாக்கில் கட்டி, மடியில் வைத்துக் கொண்டு வருக. பேருந்தின் கூரை மேல் ஏற்றினால் காற்றில் தளிர் கிழிந்துவிடும்.